சவுக்குத் தோப்பில் முதல் ஸ்டார்ட்

ஆயில் இன்ஜின் வாங்கியவர்கள் முதல் வேலையாக அதற்கு மாலை போடுவார்கள். அதையும் தேடிப் பிடித்து, சுற்றப்போகிற வீலில்தான் போடுவார்கள். டீசல் டாங்க் மூடியின் மேலேயே கற்பூரம் ஏற்றியவரைக்கூட நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செங்கல்பட்டில் ஓர் இன்ஜின் கடையில் எனக்கு வேலை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, மறைமலைநகர் கம்பெனி கேட்டுகளில் நின்று நின்று அலுத்து, கடைசியில் அங்கே சேர்ந்திருந்தேன். விற்ற இன்ஜினோடு வண்டியில் ஏறிப் போய், இடத்தில் இறக்கி, பைப் மாட்டி, முதல் ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு வர வேண்டும். மாலையைக் கழற்றச் சொன்னால் "சாமி விஷயம் தம்பி" என்பார்கள். "கை போச்சுன்னா சாமி வந்து ஒட்டவெக்காதுங்க" என்பேன். என்மேல் கடைக்கு வந்த புகார்களில் பாதி இந்த வாயால் வந்தவை.

வாய் அப்படி இருந்தாலும் வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. புது இன்ஜினில் ஆயில் இருக்காது, வடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அது தெரியாமல் சுற்றி, வாங்கிய அன்றே ஜாம் ஆக்கிய புண்ணியவான்கள் உண்டு. அதனால் முதலில் ஆயில். பிறகு டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றி, குழாயில் நிற்கும் காற்றை எடுப்பேன். அப்புறம் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். உள்ளே காற்று இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் அது கிணற்றுத் தண்ணீரை இழுக்காது. இதற்கெல்லாம் முன்னால், தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்று போய்ப் பார்ப்பேன். போதாது என்று தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ஸ்டார்ட் செய்யாத இன்ஜினைக் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும். ஒருமுறை ஓட்டிவிட்டால் எடுக்காது.

ஒரு பங்குனி மாதம் முதலாளி கூப்பிட்டார். "செய்யூர் பக்கம், கடலோரம், சவுக்குத் தோப்பு. உன் ஊர்தானேப்பா?" என்றார். தோப்புக்காரர் யார் என்று கேட்டேன். சொன்னார். அந்தத் தோப்பில்தான் என் அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடலோர மணலில் சவுக்குக் கன்று நட்டால் கோடையில் கையால் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வாய்க்கால் வெட்டினால் மணல் குடித்துவிடும். அதனால் தோப்பின் நடுவில் ஊத்துக்குழி ஒன்று தோண்டி, அதில் இறங்கி மொண்டு, இடுப்பில் ஒரு குடம் கையில் ஒரு குடமாகச் சுமந்துபோய் ஒவ்வொரு கன்றின் காலடியிலும் ஊற்றுவார்கள். கழனி வேலை ஓய்ந்துபோகிற மாதங்களில் எங்கள் காலனிப் பெண்களுக்கு இது ஒன்றுதான் கூலி. ஏழெட்டுப் பேர் சேர்ந்த செட்டு. அம்மாதான் அதற்குத் தலைவி. எங்களுக்கென்று கையகல நிலம் கிடையாது. என்னைப் படிக்கவைத்தது அந்தக் குடம்தான். இப்போது அதை அவள் இடுப்பிலிருந்து இறக்கப்போகிற இன்ஜினை நானே கொண்டுபோய் வைக்க வேண்டும். "வேற யாரையாவது அனுப்புங்க" என்றேன். "ஏன், சொந்த ஊர்ல வேலை செய்ய வெட்கமா?" என்று சிரித்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வேறொருவன் போயிருப்பான், அவ்வளவுதான்.

தோப்புக்காரர் டவுன்ஷிப்பில் குடியிருந்தார். அணு ஆராய்ச்சி வேலை, தெற்கத்திக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் தொப்பியோடு ஸ்கூட்டரில் வருவார். பெண்கள் அவரை 'சாரு' என்பார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் மனுஷர் வெயில் நாளில் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் மோர் கொண்டுவந்து கொடுப்பார். போன கோடையில் அவர் நட்ட கன்றுகளில் பாதி கருகிப்போய்விட்டன. அந்தப் பயத்தில்தான் இன்ஜின் வாங்கியிருந்தார்.

அந்த ஞாயிறு வண்டி தார்ரோட்டோடு நின்றுவிட்டது. மணலில் இறங்கினால் டயர் புதையும். இன்ஜினைச் சவுக்குக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவும் அவள் செட்டும்தான். "பாத்துத் தூக்குங்கடி, எம்புள்ள கொண்டாந்துகீற இன்ஜினு" என்று அம்மா முன்கழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்படி ஒரு பூரிப்பு அவள் முகத்தில். நான் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. "ஓடுமாடா நைனா?" என்று திரும்பிக் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றேன்.

ஊத்துக்குழியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊத்து மெதுவாகச் சுரக்கிற ஊத்து. பெண்கள் குடத்தோடு போய்த் திரும்புகிற நேரத்துக்குள் எடுத்த தண்ணீர் மறுபடி ஊறிக்கொள்ளும். அவர்கள் நடைக்கும் அந்தக் குழிக்கும் சரியாக இருந்தது. இன்ஜின் வைத்து உறிஞ்சினால், ஒருத்தர் நாஸ்தா தின்று கை கழுவுவதற்குள் குழி காலி. பம்பு காற்றை இழுத்துச் சூடாகிக் கெடும். அதுகூடப் பரவாயில்லை, தண்ணீர் வேகமாக இறங்கினால் பக்கத்து மணல் சரியும். உள்ளே யாராவது நின்றால் மேலேயே விழும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "இந்தக் குழி தாங்காது சார். இன்னும் ஓர் ஆள் ஆழம் போகணும். பக்கத்தைச் சரிவா வெட்டி, கழி நட்டு, சவுக்குக் கிளை, மிளாறு வெச்சு அடைக்கணும். இல்லேன்னா இன்ஜினைத் திருப்பிக் குடுத்துடுங்க, கடையில எடுத்துப்பாங்க." அத்தனையும் உண்மை. வேறு யார் தோப்பாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இந்த வெயில்ல ஆள் பிடிச்சு எப்ப வெட்டி முடிக்க? வேண்டாம் தம்பி. அடுத்த ஞாயிறு வண்டி கொண்டாந்து எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

திரும்பும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு பொய்கூடச் சொல்லாமல் அம்மாவின் வேலையைக் காப்பாற்றியாகிவிட்டது. கிளம்பும் முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தூரத்தில் குடத்தோடு கன்றுகளுக்கு நடுவே நின்றாள், ரோட்டில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சரி, அடுத்த வாரம் வரத்தானே போகிறோம் என்று வண்டியேறிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு இன்ஜினை ஏற்றிக்கொண்டு போகக் கயிறோடு வந்து இறங்கினேன். குழியைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டேன். நான் சொன்ன ஆழத்துக்கு வெட்டியிருந்தது. பக்கமெல்லாம் சரிவாகச் செதுக்கி, கழி நட்டு, மிளாறு அடைத்து, அடியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. "உங்க அம்மா சாதிச்சுட்டாங்க தம்பி!" என்று சார் என் தோளைத் தட்டினார்.

நடந்தது இதுதான். நான் போன பிறகு சார் பெண்களிடம், "இந்த இன்ஜின் இங்க ஓடாதுன்னு பையன் சொல்லிட்டான், திருப்பி அனுப்பப்போறேன்" என்றிருக்கிறார். அது ஊருக்குள் போய்ச் சேருவதற்குள், மகன் கொண்டுவந்த இன்ஜினை மகனால் ஓட்ட முடியவில்லை என்று ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்ன வேண்டுமாம் என்று சாரிடம் கேட்டுக்கொண்டு, பகலெல்லாம் கன்றுக்கு ஊற்றிவிட்டு, சாயங்காலம் சாயங்காலமாகத் தன் செட்டைக் குழிக்குள் இறக்கியிருக்கிறாள். சார் கூலி கொடுக்க வந்தபோது வாங்கவில்லையாம். "எம்புள்ள வேலைக்கு எதுக்கு சாரு கூலி" என்றாளாம்.

எனக்குப் பயம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். அம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரக் கேட்டு இத்தச் செஞ்ச?"

"இன்னாடா யாரக் கேக்கணும்? நீ சொன்ன ஆழந்தானே? பத்துமா பாரு, பத்தலன்னா இன்னும் கொஞ்சம் வெட்றோம்."

"அய்யோ, இது ஓடுச்சுன்னா உங்க வேல போயிடும்மா! அப்பறம் குடம் எதுக்கு, நீங்க எதுக்கு?"

அம்மா சிரித்தாள். விவரம் தெரியாத பிள்ளையிடம் சிரிப்பதுபோலத்தான் சிரித்தாள். "போடா பேஜாரு புடிச்சவனே. தண்ணி வந்த எடத்துல என்னிக்குடா வேல கொறஞ்சுது? ஏரி ரொம்பிச்சுனா நடவுக்கு ஆளு பத்துதா? களைக்குப் பத்துதா? பொறந்ததுலேந்து பாத்துகினு கீறேன். சாரு பக்கத்துக் கொல்லயும் வாங்கப் போறாரு, இன்னும் பத்துப் பொம்பளைங்களுக்கு வேல கீது."

அவள் சொன்னது பொய்யில்லை. அவள் பார்த்த உலகத்தில் தண்ணீர் வந்தால் வேலை வரும். மழை பொய்த்த வருஷம் பட்டினி, ஏரி நிரம்பிய வருஷம் கூலிக்கு ஆள் போதாது. ஆனால் அது நெல். சவுக்குக்கு நடவு ஒரே ஒரு தடவை, கன்று தலை தூக்கிவிட்டால் களையும் கிடையாது. அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டும்தான். அதைத்தான் நான் கழியில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். இதைச் சொல்ல வாயெடுத்தபோது சார், "தம்பி, பூஜை சாமான் ரெடி" என்று கூப்பிட்டார். அம்மா ஓடிவிட்டாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கோடி வீட்டு அக்கா மட்டும் நகரவில்லை. செட்டிலேயே சின்னவள், பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று அவளுக்கு. "நெசமாவா தம்பி?" என்றாள். "ஆயில் ஊத்தணும்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இவ்வளவு சிரத்தையாக எந்த இன்ஜினையும் நான் தயார் செய்ததில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. இன்ஜினை உட்காரவைத்த பலகைகள் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினேன். ஆயிலைக் குறிவரை ஊற்றினேன். டீசல் குழாயின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை காத்திருந்து இறுக்கினேன். அந்தத் திருகைக் கொஞ்சம் இறுக்காமல் விட்டால் போதும், நாளெல்லாம் சுற்றினாலும் இன்ஜின் பிடிக்காது. எனக்கு அது தெரியும். அங்கே நின்ற வேறு யாருக்கும் தெரியாது. ஸ்பானர் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. ஓடாவிட்டால் அம்மா இப்போது அழுவாள், ஓடினால் அப்புறம் அழுவாள். இறுக்கிவிட்டேன்.

பிறகு பம்பு நிரப்ப வேண்டும். "தண்ணி வேணும்" என்றதும் குடங்கள் வரிசையாக வந்துவிட்டன. முதல் குடத்தை அம்மா ஊற்றினாள். உள்ளே இருந்த காற்று கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. பெண்கள் சிரித்தார்கள். "இன்னாடி இது, ஏப்பம் வுடுது!" அடுத்தவள் ஊற்றினாள், அதற்கடுத்தவள் ஊற்றினாள். "இன்னும் எத்தினி கொடம்டா?" என்று அம்மா கேட்டாள். "தண்ணி மேல வந்து நிக்கற வரைக்கும்மா." எந்தக் குடத்தால் அவர்கள் பிழைத்தார்களோ அதே குடத்தால் அந்த மிஷினின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நான் செய்வது பாவம் என்று மனசு சொன்னது. தண்ணீர் மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. பைப்பின் அடி வால்வு ஒழுகாமல் நன்றாக இருக்கிறது என்று வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

மாலையை வீலிலிருந்து எடுத்து டாங்க் பக்கம் கட்டினேன். கற்பூரத்தைப் பத்தடி தள்ளி மணலில் ஏற்றச் சொன்னேன். புகைபோக்கிப் பக்கம் கிடந்த காய்ந்த மிளாறையெல்லாம் வாரித் தள்ளினேன், ஒரு பொறி பட்டால் தோப்பே போய்விடும். முந்தானையைச் செருகச் சொல்லி, குழிக்குள் யாரும் இல்லை என்று பார்த்து, எல்லோரையும் பின்னால் போகச் சொன்னேன். ஒருத்தரையும் திட்டவில்லை. "இன்னாடி, உம்புள்ள இன்னிக்கி இவ்ளோ அமைதியா கீறான்" என்று யாரோ கேட்டார்கள். ஹேண்டில் திருப்பி உதைத்தால் உடையாதபடி கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துப் பிடித்து, இடது கையால் லீவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். வேகம் ஏறியதும் லீவரை விட்டேன். கறும்புகை ஒருமுறை கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பெண்கள் குலவையிட்டார்கள். கருப்பு ஓஸ் உப்பி, முனையில் தண்ணீர் பீறிட்டது. கோடி வீட்டு அக்காகூட முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டாள். அம்மா ஒவ்வொருத்தியாகப் பிடித்து, "பாத்தியா, பாத்தியா" என்றாள். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர் குடையோடு வந்து, வேலியருகே நின்று கண் கொட்டாமல் பார்த்தார். குழியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது. அவ்வளவு நன்றாக வெட்டியிருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் தோப்பு முழுக்க நனைந்துவிட்டது. செட்டு முழுக்கச் சேர்ந்து விடிந்ததிலிருந்து இருட்டும்வரை செய்கிற வேலை அது. சார் ஈர மணலில் நடந்து பார்த்துவிட்டு வந்தார். அவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதையும் நான் பார்த்தேன். "ஓஸ் பிடிக்க ஒருத்தர் போதும் போலிருக்கேம்மா. நீங்க இருந்துக்கோங்க. மத்தவங்க... வேலை இருந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா சாரைப் பார்த்தாள், ஈரக் கன்றுகளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எங்கள் வீட்டில் அது சகஜம். அவள் திட்டவில்லை. ஓஸைக் கோடி வீட்டு அக்காவின் கையில் கொடுத்தாள். "இவளுக்குப் பொண்ணு படிக்குது சாரு. இவ இருக்கட்டும்" என்றாள். தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு ரோட்டைப் பார்த்து நடந்தாள். வெறுங்குடத்தை யாரும் அப்படி இடுப்பில் அணைத்துக்கொண்டு போகமாட்டார்கள். நான் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

சித்திரை கழிவதற்குள் கடைக்கு இன்னொரு ஆர்டர் வந்தது, அந்தப் பக்கத்துத் தோப்புக்காரருடையது. "உன் ஊர்ல நல்ல பேர் வாங்கிட்டப்பா" என்றார் முதலாளி. "முதல்ல குழி தாங்குமான்னு பாத்துட்டு வா." பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடலோரத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனேன். டுப்டுப் என்ற சத்தம் எத்தனையோ இடங்களில் கேட்டது. எங்கள் கடை இன்ஜின்தான் என்றில்லை, யார் யாரோ விற்றவை. இன்னும் இன்ஜின் வராமல், குடம் தெரிகிற தோப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

தோப்புக்காரர் என்னைக் குழியருகே கூட்டிக்கொண்டு போனார். ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மண்வெட்டியோடு அம்மா நின்றாள், அவளோடு அவள் செட்டு. சார் தோப்பில் வெட்டியதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டாராம், இந்தத் தடவை கூலிக்கு. அம்மா மேலே ஏறி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை. "கொடம் தூக்கறத வுடக் கூலி ஒரு பங்கு ஒசத்திடா" என்றாள். குழி நன்றாக இருக்கிறது என்று தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

"டேய், நில்லு" என்றாள். "நீதான் எல்லாத் தோப்புக்கும் போய்கினு வந்துகினு கீறியே. இந்தக் கரையில இன்னும் எத்தினி குழி கீதுடா, வெட்றதுக்கு?"

குழிக்குள் இருந்தவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நெறைய கீதும்மா" என்றேன்.

"கேட்டுகினீங்களாடி?" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அம்மா மறுபடி உள்ளே இறங்கினாள்.